ரேடியேட்டருக்குப் பூ அலங்காரம்

கல்யாணக் காருக்குப் பூக் கட்டுகிறவர்களுக்கு ரேடியேட்டர் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. காரின் முகத்தில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் பூவைச் சொருகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் படித்த படிப்பு. அந்த ஓட்டை எதற்காக இருக்கிறது, அதன் வழியாகக் காற்று போகாவிட்டால் உள்ளே என்ன ஆகும் என்று கேட்டால் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நான் கேட்டேன். பார்த்தார்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. லிட்டில் இந்தியா பக்கம் போனால் சாமந்தி மாலை தொங்கும் கடைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். கல்யாணம் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்களும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜெலுத்தோங்கில் அப்பா அம்மா விட்டுப்போன வரிசை வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள். வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு போர்ச் இருக்கிறது. அந்தப் போர்ச்சில்தான் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய பி.எம்.டபிள்யூ. ஆறு சிலிண்டர், நாலு கதவு. கண்பார்வை குறைந்து ஓட்டுவதை விட்டுவிட்ட ஒரு டாக்டரின் வீட்டில் மாமரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்தால் ஒரு பூனைக் குடும்பம். அதை வாங்கி வந்து, செயின் பிளாக் மாட்டி எஞ்சினை வெளியே தூக்கி, ஒவ்வொரு நட்டாகப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கோத்தேன். பிறகு அதற்கு ஒரு டர்போ வைத்தேன். எஞ்சினிலிருந்து வெளியே ஓடுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சுற்றிலேயே உள்ளே போகிற காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான் அது. சும்மா வெளியே போகிற புகையிடம் வேலை வாங்குகிறது. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

இதெல்லாம் எனக்கு வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்குகிற குழாயை ஒரு விரல் அளவு மேலே வளைத்துப் போட்டதற்கு எங்கள் வரிசை முழுக்கப் புகை மூடி, பக்கத்து வீட்டுச் சீன அம்மா துணியையெல்லாம் திரும்பத் துவைத்தார். குழாயை மூன்று தரம் கழற்றி மாட்டினேன். டர்போவைத் தாங்குகிற இரும்புக் குழாய்க் கொத்தை வெல்டிங் செய்ய மாக் மண்டினில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த சீனப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுவாமி மானா?" என்றார். புருஷன் எங்கே என்று மலாயில் கேட்கிறார். புருஷன் இல்லை, கார் என்னுடையது, நானேதான் செய்கிறேன் என்று மலாயிலேயே சொன்னேன். நான் வரைந்து கொண்டுபோன படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் என் புருஷனைப் பற்றிக் கேட்கவே இல்லை, கோணத்தைப் பற்றித்தான் கேட்டார். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இருபது வருஷமாக வராத புத்தி அவருக்கு இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது.

வீட்டில் அந்தக் காருக்கு இருந்த பெயர் 'பெசி புரோக்'. பழைய இரும்பு. அண்ணன் வைத்த பெயர். "பெசி புரோக்காரன் லோரி வந்துச்சுன்னா ஒளிச்சு வைம்மா, தூக்கிட்டுப் போயிடப் போறான்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டு சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "யாருக்கு செஞ்சு குடுக்குற?" எனக்குத்தான் என்றால் சிரிப்பார்கள். அண்ணன் மகள் ஒருத்திதான் அப்படிக் கேட்டதில்லை. பாங்க் வேலைக்குப் போகிறவள், நட்டு போல்ட்டில் அவளுக்கு ஒரு ஈடுபாடும் கிடையாது. ஆனால் போர்ச்சைத் தாண்டும்போது, "இன்னிக்கு என்னா அத்தை, கழட்டுறீங்களா மாட்டுறீங்களா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

போன வருஷம் எஞ்சின் ஓடியது. புகை இல்லை, ஒழுக்கு இல்லை. புது எஞ்சினை எடுத்தவுடன் விரட்டக் கூடாது. உள்ளே மாற்றிய வளையங்கள் சிலிண்டரோடு பழகும்வரை பொறுமையாக ஓட்ட வேண்டும். பொறுமையாக ஓட்டினேன். செப்பாங் பந்தயத் தடத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒதுக்கிய ஒரு நாளில் எனக்கு இடம் பதிவு செய்தேன். எனக்கு யாரையும் ஜெயிக்க வேண்டாம். அந்த நீண்ட நேர் பாதையில் ஒரே ஒரு தரம் பெடலைத் தரையோடு அழுத்தி, நான் கட்டியது எப்படி இழுக்கிறது என்று என் முதுகில் உணர வேண்டும். மூன்று வருஷமாக வேறெதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில். பேசி முடிக்க அவர்கள் வந்திருந்த அன்று நான் போர்ச்சில் கார் ஓரமாக ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் போக வாடகைக்கு ஒரு மெர்சிடிஸ் எடுக்கலாம் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார். எங்கள் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எதுக்குங்க வாடகை காடி? எங்க வீட்டுலயே பி.எம். இருக்கு. டர்போ போட்டது. நாங்களே கட்டுனது" என்றார்.

நாங்களே. பேப்பர் படித்துக்கொண்டே ஒரு காரைக் கட்டிய மனிதரை அன்றுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். உள்ளே போய் நாலு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கம் கெட்ட உண்மை என்னவென்றால், எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஒருவர் அதைப் பழைய இரும்பு என்று சொல்லவில்லை. அவர்கள் போனதும் அண்ணன் வந்து, "குடுப்பல்ல?" என்றார். அவருக்குப் பின்னால் மகள் நின்றாள். "அத்தை கட்டுன காடியில போனா எனக்குத்தான் பெருமை" என்றாள். உருகிப்போய் சரி என்றுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். "நானே ஓட்டுறேன்."

அண்ணியின் முகம் மாறியது. "பொண்ணோட அப்பா ஓட்டுறதுதான் மரியாதை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "கல்யாண காடியில முன்னால ஒக்காரறவங்க எல்லாம் கொஞ்சம் பாத்துதான் ஒக்காரணும்" என்று சேர்த்துக்கொண்டார். அதற்கு விளக்கம் தேவையில்லை. கல்யாணம் ஆகாத நாற்பத்திரண்டு வயதுக்காரி ஆரத்தி எடுக்கக் கூடாது, மஞ்சள் இடிக்கக் கூடாது, பெண்ணுக்கு நலங்கு வைக்கக் கூடாது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தட்டு மட்டும் என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போய்விடும். சாவியை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், அதில் தோஷம் ஒன்றும் ஒட்டாது போலிருக்கிறது.

கழற்றி வைத்திருந்த பின்சீட்டைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். எடையைக் குறைக்க நான் பிய்த்தெடுத்த கம்பளத்துக்குப் பதிலாக அண்ணி வெள்ளைத் துணி விரித்தார். கல்யாணத்தன்று விடியற்காலையில் காரைப் பூ அலங்காரத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். என்னைக் கோயிலில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்ணின் சொந்த அத்தை நான், கோயில் வாசலில் நின்று, பட்டுப்புடவையோடு, "அந்தப் பக்கம் போடுங்கண்ணே, கேட்டை மறைக்காதீங்க" என்று வேன்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். தாலி ஏறும்போது மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோதுதான் என் காரைப் பார்த்தேன். இந்தக் காரின் மூக்கில் இரண்டு துவாரம் இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் மேல் ஒரு வெள்ளை பாலிஸ்டிரீன் பலகை. அதில் சிவப்பு ரோஜாவால் இரண்டு பேருடைய பெயர்கள், நடுவில் ஒரு இதயம். கீழே பம்பரில் இருக்கிற அகலமான வாய் முழுக்கச் சாமந்தி, இண்டு இடுக்கு விடாமல். அந்த வாய்க்குப் பின்னால்தான் டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், அதன் பின்னால் ஏர்கான் சல்லடை, அதற்கும் பின்னால் ரேடியேட்டர். மூன்றும் ஒரே மூச்சுக்காகக் காத்திருக்கிறவை. அந்த மூச்சை அழகாக அடைத்து, மேலே ஜிகினாத் தாள் வேறு ஒட்டியிருந்தார்கள்.

"அண்ணே, பலகையை எடுங்க. காத்து போகாது. எஞ்சின் வெந்துடும்" என்றேன்.

"பாலத்தத் தாண்டுனா பாகான் டாலாம். கொஞ்ச தூரம்தானலா. ஒன்னும் ஆகாது" என்றார் அண்ணன்.

"கீழ இருக்குற பூவையாச்சும் எடுங்கண்ணே."

அண்ணி வந்துவிட்டார். "ரெண்டு பேரு பேரும் எழுதியிருக்கு. தாலி ஏறுன கையோட பேரைப் பிச்சுப் போடச் சொல்றியா? இன்னிக்கு ஒரு நாளாச்சும் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

நான் குனிந்து பம்பரிலிருந்து இரண்டு கைப்பிடி சாமந்தியைப் பிடுங்கினேன். பூக்காரப் பையன்கள் கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் பிய்ந்த பூவோடு நிற்கிற என்னை, பிறகு ஒருவரை ஒருவர். எழுந்து நின்றுவிட்டேன். அண்ணனிடம் மட்டும் கடைசியாகச் சொன்னேன்: "இந்தக் காடியோட சூடு காட்டுற ஊசி எப்பவும் நடுவுலயே நிக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஏர்கானை அடைச்சிட்டு ஹீட்டரை முழுசா போடுங்க, அது எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கும். அதுக்கு மேலயும் ஏறுச்சுன்னா நிப்பாட்டி ஆஃப் பண்ணிடுங்க. புரியுதாண்ணே? நிப்பாட்டிடணும்." "ஆமாலா, ஆமாலா" என்றார். பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி முன்சீட்டில் ஏறினார். கார் கிளம்பியது.

நாங்கள் வேனில் பின்னால் போனோம். பாலத்தில் கார் நல்ல வேகத்தில்தான் போனது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பாகான் டாலாமில் மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனைக்கு வந்தால், அங்கே உறுமி மேளம் காத்திருக்கிறது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு உறுமி, தவில், முன்னால் ஆட ஒரு பட்டாளம். மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஐந்து நிமிஷத்தில் நடந்துவிடக்கூடிய தெருவில் கார் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. இரண்டு அடி போகும், நிற்கும், ஆடுவார்கள், இரண்டு அடி போகும். காற்றே இல்லாமல், வெயிலில், ஏர்கானும் ஓட, பூவால் மூக்கை அடைத்து. ஒரு எஞ்சினைக் கொல்ல உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

வேனிலிருந்து இறங்கி நான் காருக்குப் பின்னால் நடந்தேன். பாதித் தெருவில் அந்த வாசனை வந்தது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் கொதித்து வெளியே வந்தால் ஒரு தித்திப்பு வாசனை வரும், பாகு காய்ச்சுவது போல. ஒரு தரம் மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பானெட் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. என் பக்கத்தில் வந்த ஒரு அம்மா, "பாத்தீங்களா, காடியிலேயே புகை வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. நல்லா இருக்கு" என்றார். எனக்கு அந்த அம்மாவின் கொண்டையைப் பிடித்து பானெட்டுக்குள் காட்ட வேண்டும் போல இருந்தது.

அண்ணன் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அந்த எஞ்சினின் மேல்பாதி, ஹெட் என்பார்கள், அலுமினியம். அதிகமாகச் சூடேறினால் வளைந்துவிடும், வளைந்தால் முடிந்தது. இன்னும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலு எட்டு வைத்துக் காருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து, "நிப்பாட்டுங்க!" என்று கத்தினால் போதும். என் குரல் அப்படியொன்றும் சின்னக் குரல் இல்லை. தொழிற்சாலையில் பத்து இயந்திரம் ஓடும்போதும் என் குரல் கேட்கும்.

கத்தவில்லை. ஒரு காலை எடுத்தும் வைத்தேன், ஆனால் அதற்குள் அந்த வாக்கியம் முழுசாக என் மண்டைக்குள் வந்துவிட்டது: கல்யாணம் ஆகாத அத்தை கல்யாணக் காரை வழிமறித்தாள். அது எத்தனை வீட்டில், எத்தனை வருஷம், எந்தெந்தக் குரலில் சொல்லப்படும் என்பதுகூடக் கேட்டது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அன்று அவள் நிறுத்தினாளே என்பார்கள். வாயை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அழுகை வந்தது, அதை மட்டும் அடக்க முடியவில்லை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணெதிரே வேகிற வாசனையை மோந்துகொண்டு, உறுமிக்குப் பின்னால், பட்டுப்புடவையில், கண்ணைத் துடைத்துத் துடைத்து நடந்தேன். பின்கண்ணாடி வழியாக மகள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வாசலுக்குப் பத்து அடி இருக்கும்போது எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பெரிய சந்தோஷத்தோடு காரைத் தள்ளி வாசலில் சேர்த்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். கீழே தரையில் பச்சையாகக் கூலன்ட் ஓடியது. அதை மிதித்துக்கொண்டே பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் என் முன்னால் இரண்டு பெண்கள். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"பொண்ணோட அத்தை, வழி முழுக்க அழுதுகிட்டே வந்துச்சு பாத்தியா?"

"பாவம், ஏக்கம் இருக்காதா? அது கண்ணுதான் பட்டிருக்கும். இல்லன்னா வாசல்ல வந்து காடி நிக்குமா?"

அண்ணி பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார், குழாயை மூடினார், போய்விட்டார். மூன்றாம் நாள் விருந்துக்கு மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தபோது, அண்ணி உப்பும் மிளகாயும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கடைக்கு அனுப்பினார், கொத்தமல்லி வாங்கி வர. ஃபிரிட்ஜில் கொத்தமல்லி இருந்தது. போனேன். திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கருகின மிளகாய் நெடி.

காரைத் தூக்கு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ஊசி ஏறுனது தெரிஞ்சிச்சா இல்லையா?" தெரிந்ததாம். சிவப்புக்கே போய்விட்டதாம். "ஒங்க அண்ணிதான் வாசலுக்குப் போகாம நிப்பாட்டாதீங்கன்னா. நல்ல காரியம் பாரு. நடு ரோட்டுல நின்னா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பழைய காடிதானலா, திரும்பக் கட்டிக்கலாம்." திரும்பக் கட்டிக்கலாமாம். இந்த முறை "நாங்க" இல்லை. அன்றைக்கு நிறுத்தினேன் அவரோடு பேசுவதை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் நானே எழுந்து போய் எடுத்துக்கொண்டேன். அவர் செய்தது கொலை, அதற்குக் குறைந்த வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹெட்டைக் கழற்றி மாக் மண்டினுக்குத் தூக்கிப் போனேன். பெரியவர் அதைக் கவிழ்த்து, குறுக்கே நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, அடியில் டார்ச் அடித்தார். நடுவில் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது. "பெங்கோக்" என்றார். வளைந்துவிட்டது. சீவிச் சமப்படுத்துகிற அளவைத் தாண்டிவிட்டது, வேறு ஹெட் பார் என்றார். எப்படி ஆனது என்று கேட்டார், சொன்னேன். ரோஜாவில் பெயர் எழுதிய பலகை வரை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, போய் இரண்டு கோப்பி வாங்கி வந்தார். அந்த வயது காருக்கு நல்ல ஹெட் கிடைப்பது லேசில்லை. மூன்று பார்த்தேன், மூன்றிலும் விரிசல். செப்பாங் நாள் வந்தது, போனது. அன்று நான் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து, போனவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் தனியாக வந்தாள். அண்ணனும் அண்ணியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் போர்ச்சில் எஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை மூடிக்கொண்டிருந்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் மேல் காலைப் போட்டபோது கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, ஒரு பட்டையாகத் தெரிந்தது.

"என்னாம்மா அது?"

"அதுவா? ஒங்க ஹீட்டர்" என்றாள். "நீங்க அப்பாகிட்ட சொன்னீங்கல்ல, ஊசி ஏறுனா ஹீட்டரைப் போடச் சொல்லி. அவருக்கு ஞாபகமே இல்ல. உறுமி ஆரம்பிச்சதும் நான்தான் எட்டிப் பாத்தேன், ஊசி மேல போயிருச்சு. ஹீட்டரைப் போடுங்கப்பான்னு சத்தம் போட்டேன். அம்மா வேண்டாம்னாங்க, மாப்பிள்ளைக்கு வேர்க்கும்னு. நான் விடல. முன்சீட்டுக்கு அடியில இருந்து நெருப்பு மாதிரி வந்துச்சு அத்தை. காலைத் தூக்கி எங்க வைக்கிறது, பட்டுச் சேலை, மாலை எல்லாம். தெரு முழுக்க அப்படித்தான் ஒக்காந்திருந்தேன். மூணு வருஷமா நீங்க செஞ்ச காடி."

அவள் புருஷன் வீட்டுக்குப் போகிற முதல் நாள், என் எஞ்சினைக் காப்பாற்றக் காலைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நிப்பாட்டுங்கன்னும் சொன்னேன். ரெண்டு பேரும் கேக்கல" என்றாள். "சரி, அத்தை வருவாங்கன்னு பின்னால திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீங்க சரியா காடிக்குப் பின்னாலதான் வந்தீங்க. ஒங்களுக்குத் தெரியலையா, கொதிக்குறது?"

"தெரிஞ்சிச்சு."

"அப்பறம் ஏன் கத்தல? நீங்க ஒரு சத்தம் போட்டிருந்தா நான் கதவைத் தெறந்து எறங்கி நடந்திருப்பேன். சும்மா பத்து வீடு."

கையைத் துணியில் துடைத்தேன். துடைத்த கையையே திரும்பத் துடைத்தேன். கடைசியில் சொன்னேன்: "கல்யாணம் ஆகாத அத்தை கல்யாண காடிய மறிச்சான்னு சொல்லுவாங்க. என் கண்ணு பட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, எங்கள் வீட்டுக் கோபமேதான்.

"அதான் சொல்லிட்டாங்களே அத்தை" என்றாள். "நீங்க வாயே தெறக்கல. அப்பவும் சொல்லிட்டாங்களே."

நான் பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் இருந்தன, ஒன்றையும் அவர் பக்கம் திருப்ப முடியவில்லை. நாலு பேர் பேசுவார்களே என்று அவர் நிறுத்தாமல் ஓட்டினார். அதே நாலு பேருக்காக நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் காலோடு உள்ளே போனாள்.